தண்டவாளம் கொண்டுவந்த ஆட்டம்

வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் ரயிலில் சென்னைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் பேசின் பிரிட்ஜ் தெரியும். இருக்கைக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தூங்குகிற பிள்ளையை எழுப்பித் தோளில் போட்டுக்கொண்டு வாசலருகே வந்து நிற்கும்போது வண்டி இங்கே நின்றுவிடும். சென்ட்ரலில் பிளாட்பாரம் காலியாக வேண்டும். அதுவரை பக்கிங்ஹாம் கால்வாயின் வாடையும், பக்கத்து லைனில் கழுவுவதற்காக நிற்கும் காலிப் பெட்டிகளும்தான் துணை. காத்திருக்கும் இடமாக மட்டுமே பலரும் அறிந்த இந்த ஊரில் இறங்கி நடப்பதற்காக மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து மின்சார ரயில் ஏறினேன். உட்காருவதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது. சென்ட்ரலுக்கு அடுத்த ஸ்டேஷன்தான்.

ஆட்டத்தைத் தேடி வந்தேன். சென்னையில் நடனம் என்றால் கால்கள் தாமாகத் தெற்கே திரும்பும். 1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாறில் தொடங்கிய கலாக்ஷேத்ரா, உதய் சங்கர் ஜெமினி ஸ்டுடியோவில் எடுத்து 1948இல் வெளியிட்ட ‘கல்பனா’, பெசன்ட் நகர் கடற்கரையோரம் சந்திரலேகா உருவாக்கிய நவீன நடனங்கள் என்று அந்த வரலாறு நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பம்பாயிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் நாடகக் கம்பெனி, சினிமாச் சுருள், பேண்டு வாத்தியக்காரர், கிராமபோன் தட்டு என்று எது தரைவழியாக மதராஸுக்கு வந்தாலும் இந்த ஜங்ஷனைத் தாண்டித்தான் உள்ளே நுழைந்தாக வேண்டும். ஜாஸ், ஜைவ், டேப், நாடகமேடை ஆட்டம் எல்லாம் தெற்கே போவதற்கு முன்பு இந்த வட்டாரத்தில் யார் காலில் ஒட்டிக்கொண்டன என்று பார்க்க விரும்பினேன்.

ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் மேலே ஏறி நின்றால் ஊரின் அமைப்பு புரிந்துவிடும். ஒரு கிளை வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் வழியாக அரக்கோணம் போகிறது. ஒன்று கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் வழியாக வடக்கே. இன்னொன்று ராயபுரம் பக்கம் திரும்பி பீச்சுக்கு. 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்டது அந்த ராயபுரத்திலிருந்துதான். தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடம் என்பதால் இங்கே சக்கரத்தின் தாளம் ஒரே சீராக இருப்பதில்லை. நேர் லைனில் இரண்டிரண்டாக விழும் சத்தம், பாயிண்ட் வந்ததும் மூன்றாக, ஐந்தாக உடைந்து மறுபடி சேர்கிறது. அமெரிக்காவின் டியூக் எலிங்டன் இப்படிப்பட்ட சத்தத்தைக் கேட்டுக் கேட்டே 1933இல் ‘டேபிரேக் எக்ஸ்பிரஸ்’ என்று ஒரு முழு ஜாஸ் உருப்படியை அமைத்தார். ரயில் இல்லாமல் ஜாஸ் இல்லை. தெற்கு மாகாணங்களின் பருத்திக் காட்டிலிருந்து சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் கறுப்பின மக்களைக் கொண்டுபோனது ரயில். அவர்களோடு போனது ஆட்டம்.

முதலில் தெற்கே இறங்கி வால்டாக்ஸ் ரோட்டில் நடந்தேன். இன்று சாலை முழுக்கப் பார்சல் ஆபீஸ்கள், மரக்கடைகள், சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டிகள். நடந்து போகிறவனுக்கு ஒரு முழ அகலம் கிடைத்தால் அதிர்ஷ்டம். இந்தச் சாலையில்தான் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை இருந்தது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் ‘மியூசிகல்’ என்று ஒன்றை வளர்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பாட்டும் ஆட்டமும் வசனமும் கலந்த இரவு முழுக்க நீளும் நாடகத்தை இங்கே நம்மவர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள், பார்சி கம்பெனிகளிடமிருந்து வந்த ஓவியத் திரைகளும் ஹார்மோனியமும், நடுநடுவே பபூன். காட்சி ஜோடனைக்குப் பேர்போன கன்னையா கம்பெனியின் ‘தசாவதாரம்’ மதராஸைக் கிறங்க வைத்தது. எஸ்.ஜி. கிட்டப்பா அந்தக் கம்பெனியில் பாடி வளர்ந்து, 1933இல் முப்பது வயது நிரம்புவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தார்.

இந்த நாடகங்களின் ஆட்டத்தைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம். கிட்டப்பாவின் குரலைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் உண்டு. மேடையில் ஆடிய பெண்களின் காலைப் பற்றி ஒரு பக்கம்கூட எளிதில் கிடைக்காது. மதுரை, புதுக்கோட்டை பக்கம் இன்றும் நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் அந்த மரபின் ஒரு துண்டு உயிரோடு இருக்கிறது. வள்ளி திருமணம் தொடங்குவதற்கு முன்பு பபூன் வந்து பேசுவார். அப்புறம் ‘டான்ஸ்’ வருவார். அந்த வேடத்துக்குப் பெயரே டான்ஸ்தான். அவர் சுழன்றுகொண்டே மேடைக்குள் நுழைய, இருவரும் நடுரோட்டில் மோதிக்கொள்வதாகக் காட்சி. மோதிய நொடியில் ‘ஆல்ரவுண்ட்’ வாசிப்பவர் ஜால்ராவையும் டிரம்மையும் சேர்த்து ஓர் அடி கொடுக்க வேண்டும். அரை நொடி தப்பினாலும் சிரிப்பு வராது. வாய்ச்சண்டை, போட்டி ஆட்டம், சினிமாப் பாட்டு, பிறகு காதல். நியூயார்க்கின் வாடெவில் மேடைகளில் டேப் ஆட்டக்காரர்கள் இரண்டிரண்டு பேராக வந்து ஒருவரையொருவர் சீண்டி ஆடியதும் இதே வேலைதான். அங்கே அதற்கு நூல்களும் அருங்காட்சியகங்களும் உண்டு. இங்கே ஆடிய பெண்ணுக்குக் கிடைத்தது ஏச்சு.

அந்த ஏச்சை மீறி எழுந்தவர் டி.பி. ராஜலட்சுமி. நாடகமேடையிலிருந்து வந்தவர். 1931 அக்டோபர் 31இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தின் நாயகி. அந்தப் படத்தோடு ‘குறத்திப் பாட்டும் டான்ஸும்’ என்ற துண்டுப் படமும் காட்டப்பட்டது, ஆடியவர் அவரே. படப்பெட்டி பம்பாயிலிருந்து ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கியபோது, இந்த வால்டாக்ஸ் ரோடு நெடுகக் கூட்டம் பின்தொடர்ந்தது. ரோஜா இதழ்களைத் தூவினார்கள், தேங்காய் உடைத்தார்கள், ஊதுவத்தி கொளுத்தினார்கள். கினிமா சென்ட்ரல் கொட்டகைவரை, சாமி புறப்பாட்டுக்குச் செய்யும் மரியாதை ஒரு தகரப் பெட்டிக்குக் கிடைத்தது. அதற்குள் இருந்தது ஒரு பெண்ணின் பாட்டும் ஆட்டமும். ஐந்து ஆண்டுகள் கழித்து ‘மிஸ் கமலா’ படத்தை இயக்கித் தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்ற பெயரையும் அவர் பெற்றார். வால்டாக்ஸ் ரோட்டில் அவர் பெயரில் ஒரு பலகையாவது இருந்திருக்கலாம். இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன். என் கண்ணில் எதுவும் படவில்லை.

யானைக்கவுனியைத் தாண்டி வடக்கே திரும்பினால் மூலக்கொத்தளம். இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறைசென்று 1939இல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் அடக்கமான சுடுகாடு. நான் போன நேரம் ஓர் ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. முன்னால் பூவை அள்ளி வீசிக்கொண்டு சிலர், நடுவே மேளம், மேளத்துக்கும் பூப்பல்லக்குக்கும் இடையே ஆடும் பையன்கள். சாலையின் ஒரு பாதியை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மறு பாதியில் 64சி பஸ்ஸும் தண்ணீர் லாரியும் காத்திருந்தன.

ஊர்வலம் முச்சந்தியில் நின்றபோது மேளக்காரர்களில் மூத்தவர் ஓரமாக ஒதுங்கி, செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தித் தன் பறையைக் காய்ச்சினார். மற்ற இருவரிடம் இருந்தவை ஃபைபர் பறை. அவற்றுக்கு நெருப்பு வேண்டாம். இவருடையது மட்டும் தோல். வட்டமாகச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடி காட்டி, காதருகே வைத்துத் திருப்தியானபின் எழுந்தார். இடது கையில் நீளமான சிண்டுக் குச்சி, வலது கையில் குட்டையான அடிக்குச்சி. அவர் அடித்த முதல் அடியில் மற்ற இரண்டு பறைகளும் எடுபடாமல் போயின. ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பையன், பதினாறு வயது இருக்கும், அந்த அடியைக் கேட்டதும் திரும்பினான். கைலியின் இரண்டு முனைகளையும் பிடித்தான். முட்டியை மடக்கி இடுப்பைத் தாழ்த்தினான். செருப்பில்லாத குதிகால் தாரில் விழுந்தது. முன்பாதம் அல்ல, குதிகால். சிண்டுக் குச்சி நிரப்புகிற சின்னச் சின்னத் தட்டுகளை அவன் முன்பாதத்தால் தொட்டுவிட்டு, அடிக்குச்சியின் பெரிய அடிக்கு மட்டும் குதிகாலை இறக்கினான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அந்த மேளத்தோடு வளர்ந்த கால்.

‘சாவுக் கூத்து’ என்று ஏளனமாகச் சொல்வார்கள். எனக்கு அந்த ஏளனம் ஒருபோதும் பிடித்ததில்லை. உலகம் இன்று டேப் டான்ஸ் என்று கொண்டாடுவதும் இப்படித்தான் பிறந்தது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் பறை முழக்கிக் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே அவர்கள் பறையடிக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. பறை போனதும் கை தொடையைத் தட்டியது. கால் தரையைத் தட்டியது. பறையின் வேலையைக் கால் எடுத்துக்கொண்டது. அங்கே பறையைப் பிடுங்கினார்கள். இங்கே ஒரு சாதியின் கழுத்தில் பறையைக் கட்டாயமாக மாட்டி, மாட்டியதற்காகவே இழிவு சொன்னார்கள். அதனால்தான் தமிழகக் கிராமங்களில் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்ததும் ஒரு விடுதலைப் போராட்டமாக இருந்தது. இன்று பெண்களும் கல்லூரிப் பிள்ளைகளும் பறையைக் கலையாக விரும்பி எடுத்து ஆடுவதும் இன்னொரு விடுதலையாக இருக்கிறது. இரண்டும் உண்மை.

பறை போன அந்த ஊரின் காலோடு அயர்லாந்து, இங்கிலாந்துக்காரர்களின் காலும் சேர்ந்துதான் டேப் உருவானது. நியூயார்க்கில் ஃபைவ் பாயிண்ட்ஸ் என்ற சேரியில் ஐரிஷ் ஏழைகளும் கறுப்பின மக்களும் பக்கத்துப் பக்கத்துக் குடிசைகளில் வாழ்ந்தார்கள். 1842இல் அங்கே போன நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், ஒரு நிலவறைக் கூடத்தில் ஒரு கறுப்பின இளைஞன் ஆடியதைப் பார்த்து வியந்து எழுதினார். அவன் மாஸ்டர் ஜூபா என்று பெயர்பெற்ற வில்லியம் ஹென்றி லேன் என்று சொல்லப்படுகிறது. ஃபைவ் பாயிண்ட்ஸ் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள நமக்குக் கப்பல் ஏற வேண்டியதில்லை. ஆலை, ரயில்யார்டு, கால்வாய், குடிசை, சுடுகாடு எல்லாம் ஒரே மைலுக்குள் இருக்கும் புளியந்தோப்பில் நடந்தால் போதும்.

புளியந்தோப்புக்குத்தான் அடுத்துப் போனேன். டிமெல்லோஸ் ரோட்டுப் பக்கம் பி அண்ட் சி மில் இருந்த இடம். பக்கிங்ஹாம், கர்னாடிக் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் தனித்தனியாகத் தொடங்கி 1920இல் ஒன்றான பின்னி ஆலைகள். 1918 ஏப்ரல் 27இல் பி.பி. வாடியா தலைவராக, திரு.வி.க. துணையோடு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த ஆலைத் தொழிலாளிகளால். 1921 வேலைநிறுத்தம் சாதிச் சண்டையாகத் திரிக்கப்பட்டுப் புளியந்தோப்பு எரிந்ததும் இந்த ஆலையின் கதைதான். 1996இல் மூடினார்கள். அதற்குப் பிறகு வெகுகாலம் அந்தக் கொட்டகைகள் சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போயின. கிளைமாக்ஸ் சண்டை, குத்துப்பாட்டு என்று எத்தனையோ படங்களில் நீங்கள் பார்த்த துருப்பிடித்த இரும்புத் தூண்கள் இங்கே நின்றவை. இப்போது அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன.

ஆலைக்கும் ஆட்டத்துக்கும் உறவு உண்டு என்பதை லங்காஷயர் சொல்கிறது. இங்கிலாந்தின் அந்தப் பருத்தி மாவட்டத்தில் தொழிலாளிகள் மரத்தாலான அடிப்பாகம் கொண்ட செருப்பு அணிந்தார்கள். தறியின் நாடா ஓடும் தாளத்தைக் குளிரில் நின்றபடி காலால் தட்டித் தட்டி வளர்ந்தது கிளாக் ஆட்டம் என்பார்கள். டேப்புக்கு அது ஒரு தாய்வழி. சார்லி சாப்ளின் சிறுவனாக மேடையேறியதே ‘எய்ட் லங்காஷயர் லாட்ஸ்’ என்ற கிளாக் ஆட்டக் குழுவில்தான். நாம் பார்த்துச் சிரித்த அந்த நடையின் அடியில் ஓர் ஆலைத் தொழிலாளியின் கால் இருக்கிறது. புளியந்தோப்பு நெசவாளியும் அதே தறிச் சத்தத்தில்தான் வாழ்நாளைக் கழித்தான். மரச்செருப்பு இல்லை, வெறுங்கால். அவனுடைய ஆட்டம் ஷிஃப்ட் முடிந்த பிறகு தெருவில், சாவு வீட்டில், கானா பாடும் இரவுகளில் நடந்தது. அமெரிக்க டேப்பில் பில் ராபின்சன் காலை முன்பாதத்துக்குத் தூக்கி லேசாக்கினார். ஜான் பபிள்ஸ் குதிகாலைத் திரும்ப இறக்கித் தாளத்தைக் கனமாக்கினார். மூலக்கொத்தளத்துப் பையன் எந்தப் பள்ளி என்று கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வேன், பபிள்ஸ் பள்ளி.

இந்த வட்டாரத்தில் காலாட்டத்துக்கு இன்னொரு வீடும் உண்டு: குத்துச்சண்டை வளையம். ‘சார்பட்டா பரம்பரை’ 2021இல் வந்தபோது எல்லோரும் பேசியது டான்சிங் ரோஸைப் பற்றித்தான். ஆடிக்கொண்டே அடிக்கிற ஆள். அது வெறும் சினிமாக் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு சுகர் ரே ராபின்சனின் கதையைச் சொல்லலாம். சின்ன வயதில் நியூயார்க் தெருவில் டேப் ஆடிக் காசு வாங்கியவர். உலக சாம்பியனாகி, 1952இல் வளையத்தை விட்டு விலகி டேப் ஆட்டக்காரராகவே மேடையேறினார். சரிவராமல் மறுபடி வளையத்துக்கே வந்து மறுபடி சாம்பியனானார். 1980இல் முகமது அலி மதராஸுக்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். வடசென்னை அதைப் பார்த்தது.

பெரம்பூர் ரயில்வே காலனிகளுக்குப் போக மத்தியானம் ஆகிவிட்டது. இங்கே எனக்கு ஒருவரைச் சந்திக்க ஏற்பாடு. ஸ்டீம் எஞ்சினில் ஃபயர்மேனாகப் பேசின் பிரிட்ஜ் ஷெட்டில் சேர்ந்து, மெயில் டிரைவராக ஓய்வு பெற்ற ஆங்கிலோ இந்தியப் பெரியவர். எண்பதைத் தாண்டிவிட்டார். பெயர் வேண்டாம் என்றார். எல்லோரையும் போல அங்கிள் என்றே கூப்பிட்டேன்.

“ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ்னா சும்மாவா தம்பி? கிறிஸ்துமஸ், நியூ இயர், ஈஸ்டர், மே குயின். மத்தியானமே பசங்கள உள்ளே விட்டுடுவாங்க. மரத் தரை. பிரெஞ்சு சாக்கைத் தூவிட்டு, போய்ச் சறுக்கி விளையாடுங்கடான்னுவாங்க. நாங்க சறுக்கறதுல தரை பாலிஷ் ஆயிடும். ராத்திரி பெரியவங்க ஆடுவாங்க.”

ஃபாக்ஸ்ட்ராட், வால்ட்ஸ் எல்லாம் முதலில். பேண்டு சூடேறிய பிறகு ஜைவ். இந்த ஜைவின் வேர் ஹார்லெமில் இருக்கிறது. 1926இல் நியூயார்க்கில் திறந்த சவாய் பால்ரூமில் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கிய லிண்டி ஹாப், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களோடு உலகெங்கும் போனது. கல்கத்தாவுக்கு வந்தது, இந்திய ரயில்வே காலனிகள் அதைத் தமதாக்கிக்கொண்டன. சவாயின் பெருமை, வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தரையில் ஆடலாம் என்பது. நம் ரயில்வேயில் அந்தப் பெருமை இல்லை. பல ஊர்களில் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் ஓர் இன்ஸ்டிட்யூட், இந்தியருக்குத் தனி இன்ஸ்டிட்யூட். ஹார்லெமின் ஆட்டத்தை எடுத்துக்கொண்டவர்கள் ஹார்லெமின் கதவை எடுத்துக்கொள்ளவில்லை. இதை அங்கிளிடம் சொல்லத் தயங்கினேன். அவரே சொன்னார்.

“எங்கப்பா காலத்துல இண்டியன்ஸை உள்ளே விடமாட்டாங்க. பேண்டு கேக்கறதுக்கு காம்பவுண்டுக்கு வெளியே நிப்பாங்களாம், ஷெட்டுல அவரோட வேலை செய்யறவங்க. இண்டிபெண்டன்ஸுக்கு அப்புறம் மாறிடிச்சு. என் ஃபயர்மேன் வியாசர்பாடிக்காரன். அவனுக்கு நான்தான் ஜைவ் சொல்லிக்கொடுத்தேன். என்னைவிட நல்லா ஆடுவான், மேன்!”

எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வலது பாதத்தைத் தரையில் தேய்த்து வைத்தார், தூக்கி வைக்கவில்லை.

“எஞ்சின்ல நிக்கத் தெரிஞ்சவனுக்கு ஜைவ் வந்துடும். எஞ்சின் ஒரு பக்கம் ஆடும், டெண்டர் இன்னொரு பக்கம் ஆடும். நடுவுல நின்னு கரி அள்ளிப் போடணும். முட்டியை விறைப்பா வெச்சேன்னு வை, எஞ்சின் உன்னைத் தூக்கிப் போட்டுடும். முட்டி லூசா இருக்கணும். பாதம் தரையை விட்டுப் போகக் கூடாது. பின்னால திரும்பி அள்ளு, முன்னால திரும்பிப் போடு. ஒன், டூ. த்ரீ அண்ட் ஃபோர். ஃபைவ் அண்ட் சிக்ஸ். அதுதான் ஜைவ்.”

சொல்லிக்கொண்டே இடுப்பைத் திருப்பிக் கரி அள்ளிப் போடும் கையைக் காட்டினார். அந்த ஆறு எண்ணிக்கைக்குள் அவர் இரண்டு முறை திரும்பினார். பாதம் இருந்த இடத்திலேயே அரை அங்குலம் மட்டும் நகர்ந்தது. முதுமை மேல் உடம்பில் தெரிந்தது, பாதத்தில் தெரியவில்லை. நடனம் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் நீராவி எஞ்சினின் அடித்தட்டை ஒரு நடனப் பள்ளியாகச் சொன்னதில்லை. பேசின் பிரிட்ஜ் ஷெட்டில் எத்தனை பேர் அந்தத் தட்டில் நின்றிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

அவர் தலைமுறையில் பாதிப் பேர் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, கனடா என்று போய்விட்டார்கள். அவருடைய தங்கை பெர்த்தில் இருக்கிறார். ஆகஸ்ட் 2 உலக ஆங்கிலோ இந்தியர் நாள். அன்றைக்கும் கல்யாணங்களிலும்தான் இப்போது ஜைவ். “பேத்தி ஆடுவா. ஆனா அவளுக்கு பிரபுதேவாதான் புடிக்கும்” என்றார் அங்கிள். அதில் குறை எதுவும் தொனிக்கவில்லை.

1993இல் ‘ஜென்டில்மேன்’ படத்தில் ரயிலையும் ரயிலடியையும் வைத்து ‘சிக்குபுக்கு ரயிலே’ பாட்டுக்கு பிரபுதேவா ஆடியது வடசென்னைப் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்பதை அந்த வயதைக் கடந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். முறையாகப் பரதம் பயின்ற உடம்பு. அதற்குள் மைக்கேல் ஜாக்சன். ஜாக்சனுக்குள் யார்? 1983இல் தொலைக்காட்சியில் அவர் பின்னோக்கிச் சறுக்கிக் காட்டியதை உலகமே புதிது என்று நினைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1943இல் வந்த ‘கேபின் இன் த ஸ்கை’ படத்தில் பில் பெய்லி என்ற டேப் ஆட்டக்காரர் அதே சறுக்கலோடு காட்சியை முடித்துக்கொண்டு போகிறார். ஆக டேப் இந்த ஊருக்கு வந்தேவிட்டது. இரும்புத் தகடு அடித்த ஷூவாக வரவில்லை. தெருமுனை டீக்கடை டிவியில், வாடகை வீடியோ கேசட்டில், ஜாக்சன் வழியாக, பிரபுதேவா வழியாக வந்தது. வந்த இடத்தில் ஏற்கெனவே பறைக்கு ஆடிய கால் இருந்தது. தமிழ் சினிமாக் குத்து என்று இன்று உலகம் முழுக்கக் கல்யாண மண்டபங்களில் ஆடுகிறார்களே, அது இந்தச் சந்திப்பில் பிறந்த குழந்தை என்று நான் உறுதியாக நம்புகிறேன். தாளத்தையும் குதிகாலையும் கொடுத்த வட்டாரத்துக்கு அதில் உரிய பெயர் கிடைக்கவில்லை.

சந்திரலேகாவை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1952இல் அவருடைய அரங்கேற்றம் ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. யமுனையின் நீரை அபிநயத்தில் காட்டிக்கொண்டிருந்த நடுவே, வறண்ட நிலத்தில் நீருக்காக வரிசையில் நிற்கும் மக்களின் படங்கள் மனதில் வந்து ஒரு கணம் உறைந்துபோனதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே இருந்த அந்தப் பிளவிலிருந்துதான் 1985இல் ‘அங்கிகா’ வந்தது. களரியும் யோகமும் உழைக்கும் உடம்பின் நேர்மையும் கொண்ட நவீன நடனம். அவர் தேடிய அந்த உழைக்கும் உடம்பு ஊரின் இந்த முனையில், பிளவே தெரியாமல் ஆடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். கல்யாணம், கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழாக்களுக்கு ஆடும் குழு. மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிட்டது இருபத்திரண்டு வயதுப் பெண்ணை. பகலில் ஜவுளிக்கடையில் வேலை. சிமெண்டுத் தரை என்பதால் முட்டி வலிக்கு இரண்டு பேர் துணி சுற்றியிருந்தார்கள். மரத் தரை உள்ள ஹால் இங்கே பக்கத்தில் எதுவும் வாடகைக்குக் கிடைக்காதா என்று கேட்டேன். “தெற்கே கிடைக்குது சார். மணிக்கு அறுநூறு, எழுநூறு கேக்கறாங்க. போய்வர பஸ்ஸு வேற. இங்கயே ஆடிக்கறோம்.” ஆலைகளும் ரயில்வேயும் துறைமுகமும் அனல் மின் நிலையங்களும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த மக்களின் முட்டியை வாங்கியிருக்கின்றன. ஆடுவதற்கு ஒரு மரத் தரை திருப்பிக் கொடுப்பது பெரிய காரியமில்லை. மாநகராட்சி மனசு வைத்தால் மூடிக் கிடக்கும் சமுதாய நலக்கூடம் ஒன்றிலேயே போடலாம்.

பில் பெய்லியின் அந்தக் காட்சியை என் போனில் வைத்திருந்தேன். காட்டட்டுமா என்றதும் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். கறுப்பு வெள்ளையா என்று ஒருவன் இழுத்தான். முதல் அரை நிமிடம் யாரும் பேசவில்லை. கடைசியில் பெய்லி பின்னோக்கிச் சறுக்கிப் போனதும் “டேய், மூன்வாக்குடா!” என்று ஒருவன் கத்தினான். மாஸ்டர் போனை வாங்கி முன்பகுதிக்கு இழுத்து, அவருடைய குதிகால் விழும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

“அண்ணே, இது நம்ம சாவு அடிண்ணே. கொஞ்சம் ஸ்பீடா இருக்குது, அவ்ளோதான்” என்று பக்கத்தில் நின்ற பையன் சொன்னான். அவள் மறுத்துப் பேசவில்லை. “நாளைக்கு இதை எடுக்கலாம். செருப்பை எல்லாம் கழட்டிப் போட்டு வாங்க” என்றாள்.